ஸ்ரீராம்புரத்துத் தண்ணீரில் ஒரு கறுப்பு டீ

பஸ்ஸில் என் மடிமேல் ஒரு பித்தளைத் தூக்கு இருந்தது. மூடியைத் துணி போட்டு இறுக்கிக் கட்டியிருந்தேன். அப்படியும் மெஜஸ்டிக் திருப்பத்தில் பஸ் சாய்ந்தபோது தளும்பி, என் புடவை முழங்காலில் நனைந்துவிட்டது.

கண்டக்டர் அதைப் பார்த்துவிட்டார்.

“ஏனம்மா, ஹாலா?” பால் என்று நினைத்துக்கொண்டார்.

“இல்ல, தண்ணி.”

டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த கை நின்றது. “தண்ணியா? கன்டோன்மென்ட்ல தண்ணி இல்லேன்னு யாரு சொன்னாங்க உனக்கு? அங்கதானே தோட்டத்துக்கே பைப் வெச்சு அடிக்கிறாங்க!”

பஸ்ஸே சிரித்தது. பின்சீட்டில் காய்கறிக் கூடையோடு இருந்த ஓர் அம்மாள், “புது மருமக போல, மாமியா வீட்டுத் தண்ணி ஒத்துக்கலையோ என்னமோ” என்றாள். நானும் சிரித்து வைத்தேன். அந்தத் தண்ணீர் ஆபீஸ் போய்ச் சேரும் வரை சிந்தாமல் இருக்க வேண்டும். சேர்ந்த பிறகு என்ன ஆகும் என்பது எனக்கே தெரியாது.

ஐம்பதுகளின் நடுப்பகுதி என்று வைத்துக்கொள்ளுங்கள். எனக்குப் பத்தொன்பது வயது இருக்கலாம். இந்தத் தொடரில் சென்ற வாரம், தட்டச்சுப் பள்ளியில் விரல் வீங்கியதைப் பற்றி எழுதியிருந்தேன். அந்த வீங்கிய விரல்களுக்குக் கிடைத்த முதல் வேலை கன்டோன்மென்டில் இருந்த ஒரு டீ கம்பெனியில்தான்.

பால் வருவதற்கு முன்

எங்கள் வீடு பெங்களூர் ஸ்ரீராம்புரத்தில், ஒரு சந்துக்குள் இன்னொரு சந்தில். அப்பா முனுசாமி ஒரு துணி மில்லில் நெசவுப் பகுதியில் இருந்தார். அம்மா தெய்வானைக்கு அதே டீ கம்பெனியின் பாக்கிங் ஹாலில் வேலை. நான் ஆபீஸ் மாடியில் டைப் அடித்தேன், அம்மா கீழே பொட்டலம் ஒட்டினாள். இருவரும் ஒரே பஸ்ஸில் போவோம். கேட் தாண்டியதும் அவள் இடது பக்கம் திரும்புவாள், நான் படியேறுவேன்.

மில் சங்கு விடியற்காலையிலேயே ஊதிவிடும். பால்காரர் அதற்கு அரைமணி கழித்துத்தான் எங்கள் சந்துக்குள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருவார். அதனால் அப்பாவின் காலை டீயில் பால் இருந்ததே இல்லை. தண்ணீர் கொதிக்கும்போதே தூளைக் கொட்டி, இரண்டு பொங்கு பொங்கவிட்டு, துணியில் வடிகட்டி, கறுகறுவென்று ஒரு கிளாஸ். கையில் ஒரு துண்டு வெல்லம். வெல்லத்தைக் கடித்துக்கொண்டு டீயைக் குடிப்பார். கூடவே ஒரு பன் இருந்தால் அன்றைக்கு ராஜா.

எங்கள் தெருவில் முக்கால்வாசி வீடுகளில் இதே கதைதான். பெங்களூர் காப்பிக்குப் பேர் போன ஊர் என்பார்கள். பேர் வாங்கியது வசதியான பசவனகுடியும் மல்லேஸ்வரமும். சங்குக்கு முன்னால் எழுகிற தெருக்களில் கறுப்பு டீதான்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் கம்பெனி டீ பாக்கெட் ஒன்றைப் பெருமையோடு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மேலே தங்க எழுத்து. பிரேக்ஃபாஸ்ட் டீ என்று போட்டிருக்கும். மறுநாள் காலை அப்பா அதைக் கொதிக்க வைத்து ஒரு வாய் குடித்தார்.

“இது இன்னாம்மா டீ? கலங்கலா கீது, ருசியும் இல்ல. மேல பாரு, எண்ணெ ஊத்தினாப்பல மிதக்குது.”

பார்த்தேன். கிளாஸின் மேல் மெல்லிய படலம் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. கரண்டியால் விலக்கினால் கிழிந்து கிழிந்து சேர்ந்தது.

“தொரைங்க குடிக்கிற டீப்பா” என்றேன்.

“அதான் ஊர விட்டே போயிட்டாங்க போல” என்றார். மிச்சத்தைச் செடிக்கு ஊற்றிவிட்டுக் கடைத் தூளைத் தேடி எடுத்தார்.

மல்லிகைக்கு இடமில்லாத அறை

அப்பா விளையாட்டாகச் சொன்னதில் உண்மை இருந்தது. அந்த டீ வெள்ளைக்காரப் பட்டாளத்து மெஸ்களுக்கும் பங்களாக்களுக்கும் என்று கலந்தது. சுதந்திரம் வந்த பிறகு அவர்கள் பெட்டி கட்டிக்கொண்டு போனார்கள். கம்பெனியை நடத்திய துரையும் போனார். டீயை ருசி பார்த்துக் கலவை சொல்கிற டேஸ்டர் துரையும் போனார். போகும்போது ஒரு தோல் அட்டைப் புத்தகத்தைப் பெள்ளியப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனாராம். எந்தத் தோட்டத்து இலை எவ்வளவு, எந்த ரகம் எவ்வளவு என்ற கலவைக் குறிப்பு எல்லாம் அதில்தான்.

துரைக்குப் பிறகு டேஸ்டரான பெள்ளியப்பா குடகுக்காரர். ஆறடி உயரம், டை கட்டாமல் நான் அவரைப் பார்த்ததில்லை. அந்தப் புத்தகத்தைப் பூஜைப் புத்தகம் மாதிரி பூட்டி வைத்திருந்தார். அதிலுள்ள கலவையில் ஓர் இலைகூட மாறக்கூடாது என்பது அவர் கொள்கை.

அவருடைய டேஸ்டிங் அறை மாடியின் வடக்கு மூலையில். பெரிய ஜன்னல், நீளமான மேஜை, வரிசையாக வெள்ளைப் பீங்கான் கிண்ணங்கள். ஒவ்வொரு மூடிபோட்ட கப்பிலும் தராசில் நிறுத்த ஒரே அளவு இலை. அவருடைய உதவியாள் காதர் பாய் கொதிக்கும் கெட்டிலோடு வரிசையாக ஊற்றிக்கொண்டே போவார். மணல் கடிகாரம் தீர்ந்ததும் கப்பைக் கிண்ணத்தில் சாய்த்து வடிப்பார். பாலும் கிடையாது, சர்க்கரையும் கிடையாது. பெள்ளியப்பா கரண்டியால் எடுத்து ‘ஸ்ஸ்ர்ர்ர்’ரென்று ஒரு சத்தத்தோடு உறிஞ்சி, வாயில் உருட்டி, இடுப்புயரப் பித்தளைப் பாத்திரத்தில் துப்பிவிட்டு அடுத்ததற்கு நகர்வார்.

முதல் நாள் கடிதம் கொடுக்கப் போனபோது அவர் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. “பூவை எடுத்துட்டு வா” என்றார். எனக்குப் புரியவில்லை. காதர் பாய்தான் வெளியே கூட்டி வந்து சொன்னார்: “மல்லி வாசம்மா. டீ வாசத்தைத் தின்னுடும். சார் முன்னாடி வெங்காயம்கூட நக்கோ, கூடாது.”

அன்று முதல் படியேறும்போது பூவைக் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்துகொள்வேன். கல்யாணமாகாத பெண் மொட்டைத் தலையோடு வேலை பார்ப்பதாவது என்று அம்மா ஒரு மாதம் முணுமுணுத்தாள்.

நான் அடித்த கடிதம்

மெஸ் ஆர்டர்கள் வருஷத்துக்கு வருஷம் சுருங்கின. புதிய மேனேஜர் ஒரு வழி செய்தார். அதே டீயைச் சின்னப் பொட்டலமாகப் போட்டு மில் தொழிலாளர் பேட்டைகளில் விற்கலாம் என்றார். பொட்டலங்கள் ஸ்ரீராம்புரக் கடைகளுக்குப் போயின. அடுத்த மாதமே பாதிக்கு மேல் திரும்பி வந்தன.

ஒரு நாள் மேனேஜர் கூப்பிட்டு ஒரு கடிதத்தைச் சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொண்டேன். தொழிலாளர் பகுதிகளில் நல்ல தேநீரின் தரம் அறிந்தவர்கள் இல்லை. ஆகவே பொட்டலம் போடுவதை நிறுத்தி, இனிப் பெட்டிப் பெட்டியாக மொத்த ஏஜண்டுகளுக்கே அனுப்பலாம். வரும் மாதக் கடைசியோடு பாக்கிங் ஹாலை மூடிவிடலாம்.

“ரகசியம்” என்று தலைப்பில் அடிக்கச் சொன்னார். அடித்தேன். கீழே ஹாலிலிருந்து பசையின் புளித்த வாசனையும், நாற்பது பெண்கள் ஒரே நேரத்தில் பேசுகிற சத்தமும் ஜன்னல் வழியாக வந்துகொண்டிருந்தன. அதில் அம்மாவின் சிரிப்பு தனியாகக் கேட்டது. அவளுடைய சிரிப்பு எப்போதும் ஒரு தும்மலில்தான் முடியும்.

அன்று சாயங்காலம் பஸ்ஸில் அம்மா என் தோளில் சாய்ந்து தூங்கினாள். நான் எதுவும் சொல்லவில்லை. ரகசியம் என்று அடித்தது என் கைதானே.

அந்த வாரத்திலேயே ஒரு நாள் டேஸ்டிங் அறைக்குப் போனேன். பெள்ளியப்பா சாப்பிடப் போயிருந்தார். காதர் பாய் கிண்ணங்களைக் கழுவத் தயாராக இருந்தார். ஒரு கிண்ணத்தில் மிச்சமிருந்த டீயைப் பார்த்தேன். புதுச் செப்புக் காசு மாதிரி மின்னியது. படலம் என்று பெயருக்குக்கூட இல்லை.

“இது எந்த டீ பாய்?”

“நம்ம பிரேக்ஃபாஸ்ட்தாம்மா. திரும்பி வந்த பொட்டலத்துல இருந்தே எடுத்துப் போட்டேன். சார் பார்க்கணும்னார்.”

ஒரு வாய் குடித்தேன். கசப்பு, ஆனால் நாக்கைப் பிடித்து உலுக்குகிற நல்ல கசப்பு. தூக்கக் கலக்கத்தில் யாரோ முகத்தில் தண்ணீர் அடித்தாற்போல் இருந்தது. வீட்டில் அப்பா செடிக்கு ஊற்றியதும் இதுவும் ஒரே இலையா?

விடை மறுநாள் காலை எங்கள் வீட்டு அடுப்பில் கிடைத்தது. அம்மா துவரம்பருப்பைக் கிளறிக்கொண்டே, “இந்தக் கெணத்துத் தண்ணில பருப்பு என்னிக்கு வெந்துது” என்று அலுத்துக்கொண்டாள். எங்கள் சந்துக்குக் குழாய் வரவில்லை. கிணறுதான். அந்தத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது, பாத்திரத்தில் வெள்ளையாக உப்பு பூக்கும்.

கரண்டியை வாங்கிக் கீழே வைத்தேன். “என்னடி?” என்றாள் அம்மா. ஒன்றுமில்லை என்றேன்.

இரண்டு வரிசை

டீ கெட்டது எங்கள் கிணற்றுத் தண்ணீரில்தான் என்று பெள்ளியப்பாவிடம் சொல்லிப் பார்த்தேன். நான் வாயைத் திறந்து முடிப்பதற்குள், “தண்ணி தண்ணிதான். டீ டீதான். நீ போய் லெட்டர் டைப் பண்ணு” என்று சொல்லிவிட்டார். கோபமில்லை. அதுதான் இன்னும் மோசம். ஈ ஓட்டுகிற மாதிரி சொன்னார்.

காதர் பாய் மட்டும் கேட்டார். முன்பு பட்டாளத்து மெஸ்ஸில் சமையல்காரராக இருந்தவர். தாடியைத் தடவிக்கொண்டு யோசித்தார். “ஒரு தூக்கு அந்தத் தண்ணி கொண்டு வாம்மா. நான் கொதிக்க வைக்கிறேன். நீ லெட்டரைக் கையில வெச்சுக்கிட்டுக் கதவுக்கிட்ட நில்லு. கேட்டா கையெழுத்து வாங்க வந்தேன்னு சொல்லு.”

அப்படித்தான், அம்மா தன் தங்கை பிரசவத்துக்கு ஊருக்குப் போயிருந்த வாரத்தில், அந்தத் தூக்கு என் மடியில் பஸ் ஏறியது.

காலைப் பத்து மணி. மேஜைமேல் ஆறு கிண்ணங்கள். ஆறிலும் ஒரே டப்பாவின் இலை. முதல் மூன்றுக்கு ஆபீஸ் குழாய்த் தண்ணீர், கடைசி மூன்றுக்கு எங்கள் கிணறு. பெள்ளியப்பா கரண்டியை எடுத்தார்.

முதல் கிண்ணம். தலையசைத்தார். இரண்டு, மூன்று. நான்காவதில் நின்றுவிட்டார். திரும்ப ஒரு தடவை உறிஞ்சினார். மூடிமேல் கவிழ்த்து வைத்திருந்த வெந்த இலையை மோந்தார். ஐந்து. ஆறு. கரண்டியைக் கீழே வைத்தார்.

“காதர், லீஃப் யாரு மாத்தினது?”

“யாரும் மாத்தல சார்.”

“இந்த மூணும் நம்ம பிரேக்ஃபாஸ்ட் இல்ல. ஏதோ பழைய குப்பை. எங்கருந்து வந்துது?”

“ஒரே டப்பா சார். சத்தியமா.”

அவர் முகம் சிவந்தது. காதர் பாய் எனக்காகத் திட்டு வாங்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. கதவை விட்டு மேஜைப் பக்கம் வந்தேன்.

“சார், இலை ஒண்ணுதான். தண்ணிதான் வேற. அது எங்க தெருக் கெணத்துத் தண்ணி.”

பெள்ளியப்பா என்னைப் பார்த்தார். அதற்கு முன் அவர் என்னைப் பார்த்ததே இல்லை என்று அப்போதுதான் எனக்குப் பட்டது. பிறகு மறுபடியும் நான்காவது கிண்ணத்தை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்தார். படலம் மெல்ல ஒதுங்கியது.

“உங்க பக்கத்துல எல்லாரும் இந்தத் தண்ணியா?”

“எங்க சுத்துவட்டாரம் முழுக்க சார்.”

ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார். “துரை இந்தக் கலவையை இந்தத் தண்ணிக்குப் போட்டார்” என்று குழாயைக் காட்டினார். “நானும் இந்த ரூமை விட்டு வெளியே போய் ஒரு நாள்கூட டீ குடிச்சதில்லை.” பிறகு என் பக்கம் ஒரு கரண்டியை நீட்டினார். “குடி.”

குடித்தேன், வீட்டில் பழக்கியபடி சத்தமில்லாமல்.

“அப்படி இல்ல. சத்தம் போடு. காத்தும் டீயும் சேர்ந்து உள்ள போகணும். அப்பதான் மூக்குக்குத் தெரியும்.”

இரண்டு ஆண்களுக்கு முன்னால் ஒரு வயசுப் பெண் எப்படி உறிஞ்சிச் சத்தம் போடுவாள்? காதர் பாய் நாகரிகமாகச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டு இழுத்தேன். டீ நேராக மூச்சுக்குழாய்க்குள் போய்விட்டது. இருமி இருமிக் கண்ணில் தண்ணீர் வந்தது. துப்ப வேண்டியதை விழுங்கிவிட்டேன். பெள்ளியப்பா சிரித்தார். அந்த அறையில் அவர் சிரித்துக் கேட்டது அதுதான் முதல் தடவை என்று காதர் பாய் பிறகு சொன்னார்.

பிறகு இரண்டு வரிசையிலும் ஒவ்வொரு கரண்டி குடிக்க வைத்துவிட்டு, “என்ன தெரிஞ்சுது?” என்றார்.

ஆபீஸ் குறிப்புகளில் நான் அடிக்கிற ஆங்கில வார்த்தைகள் ஒன்றும் அப்போது நாவில் வரவில்லை. “இந்தக் கப்பு நாக்கு நுனியிலேயே செத்துப்போச்சு சார். அந்தக் கப்பு தொண்டை வரைக்கும் வந்து எழுப்புது” என்றேன்.

அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

கிணற்றடியில் டை

ஹாலை மூடுவதை மூன்று மாதம் தள்ளிப்போடச் சொல்லி மேனேஜரிடம் அவகாசம் வாங்கினார் பெள்ளியப்பா. தோல் அட்டைப் புத்தகம் பூட்டினபடியே இருந்தது. புதுத் தாளில் புதுக் கலவை போட்டார். பெரிய இலையைக் குறைத்து, பொடி ரகத்தை ஏற்றினார். தாழ்வான தோட்டத்துச் சரக்கு நிறத்துக்கு, உயரமான மலைச் சரக்கு சுறுசுறுப்புக்கு. தினமும் ஒரு தூக்குத் தண்ணீர் என்னோடு பஸ்ஸில் போனது. கண்டக்டர் கேட்பதை விட்டுவிட்டு, தூக்குக்கு இடம் பிடித்துத் தர ஆரம்பித்தார்.

அறையில் ருசி சரியாக வந்த கலவையை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அப்பா குடித்துவிட்டு, “கஷாயம்” என்றார். ஒரே வார்த்தை.

பெள்ளியப்பாவிடம் சொன்னதும் அவர், “உங்க அப்பா எத்தனை நிமிஷம் ஊற வைக்கிறார்?” என்றார்.

“ஊற வைக்கிறதில்ல சார். கொதிக்க விடுவார்.”

“டீயையா? கொதிக்கவா?” பிள்ளையை அடித்தேன் என்று சொன்ன மாதிரி பதறினார். மறுநாள் அவரே வருவதாகச் சொன்னார்.

விடிகிற நேரம். சந்தின் முனையில் டையோடும் பளபளக்கும் ஷூவோடும் அவர் நின்றதைப் பார்த்துவிட்டு, கிணற்றடியில் குடம் வைத்திருந்த பெண்கள் எல்லாரும் கயிற்றை விட்டுவிட்டார்கள். முனிசிபாலிட்டி ஆள், குழாய் போட வந்திருக்கிறார் என்று ஒருத்தி சொன்னாள். எங்கள் சந்துக்குள் நுழைய அவர் தலையைக் குனிய வேண்டியிருந்தது.

அம்மா இன்னும் ஊரிலிருந்து திரும்பவில்லை. வேலூர்ப் பக்கம் தங்கை வீட்டிலேயே இருந்தாள். இருந்தால் பெள்ளியப்பா ஏன் வந்தார் என்று துருவியிருப்பாள், எனக்கு அது வசதியாகப் போயிற்று. அப்பாவிடம் ஹாலைப் பற்றி நான் சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால் அம்மாவின் வேலைக்காக எந்த டீயையும் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிடுவார். அவர் நாக்கு பொய் சொல்லாமல் இருக்க வேண்டியிருந்தது.

“ஒக்காருங்க சார்” என்று மணையைப் போட்டார் அப்பா. பெள்ளியப்பா முழங்காலை மடக்கி அடுப்பருகே உட்கார்ந்து பார்த்தார். தண்ணீர் கொதித்தது. அப்பா அந்தப் புதுக் கலவையைக் கையளவில் அள்ளிப் போட்டார். முதல் பொங்கு. இரண்டாம் பொங்கு. பெள்ளியப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துக் குறித்துக்கொண்டார். அப்பா அவருக்கும் ஒரு கிளாஸ் கொடுத்து, ஒரு துண்டு வெல்லமும் வைத்தார்.

அவர் ‘ஸ்ஸ்ர்ர்’ரென்று உறிஞ்சினார். அப்பா என்னைப் பார்த்தார். இவ்வளவு பெரிய மனுஷன் இப்படியா குடிப்பார் என்று கண்ணாலேயே கேட்டார்.

“கசப்பு எங்க நிக்குது உங்களுக்கு?” என்றார் பெள்ளியப்பா.

“கடைசில சார். குடிச்சப்புறம் பல்லுல ஒட்டிகினு போவமாட்டேங்குது. மொதல்ல அடிக்கணும், அப்புறம் விட்டுடணும். வேலைக்குப் போற மனுசன் சார் நானு. நாள் முச்சூடும் வாயில வெச்சுகினு இருக்க முடியுமா?”

“சரியா சொன்னீங்க.” அவர் அதையும் எழுதினார்.

இன்னும் இரண்டு காலை அவர் வந்தார். மூன்றாவது காலை கொண்டுவந்தது ஒரு சின்னக் காகிதப் பொட்டலம், பேர் எதுவும் எழுதாமல். அப்பா கொதிக்க வைத்தார். வடிகட்டும்போதே எனக்கு வாசம் வந்தது. மழை ஓய்ந்த மரத்தடி மாதிரி ஒரு வாசம். கிளாஸில் நிறம் கறுப்புக்குள் சிவப்பாக நின்றது. படலம் இருந்தது, ஆனால் ஓரமாக மட்டும்.

அப்பா ஒரு வாய் குடித்தார். வெல்லத்தைக் கடித்தார். இன்னொரு வாய். கிளாஸ் காலியானது. சங்கு ஊதியது.

அப்பா எழவில்லை. கிளாஸை அடுப்புப் பக்கம் நகர்த்தினார். “இன்னும் கொஞ்சம் இருந்தா ஊத்தும்மா.”

என் கண்ணுக்குத் தெரிந்து அவர் இரண்டாவது கிளாஸ் கேட்டதில்லை. நின்றபடியே அதைக் குடித்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினார். அவர் சந்து முனையைத் தாண்டும் வரை பெள்ளியப்பா பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு கழுத்தில் டையைத் தளர்த்தினார்.

அம்மாவுக்குத் தெரிந்தது

புதுப் பொட்டலம் கடைக்குப் போன முதல் மாதம் ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. இரண்டாவது மாதம் ஸ்ரீராம்புரத்துக் கடைக்காரர் ஒருவர் சைக்கிளில் ஆபீஸுக்கே வந்து, இன்னும் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, கேரியரில் கட்டிக்கொண்டு போனார். ஹாலை மூடுகிற உத்தரவை மேனேஜர் ரத்து செய்தார். அந்தக் கடிதத்தையும் நானே அடித்தேன். அவ்வளவு வேகமாக நான் அதற்கு முன்னும் பின்னும் டைப் அடித்ததில்லை.

அன்று சாயங்காலம் அம்மா முறத்தில் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். மூட இருந்ததை, நான் அடித்த கடிதத்தை, சொல்லாமல் வைத்திருந்ததை.

அவள் கை நிற்கவில்லை. ஒரு கல்லை எடுத்து வெளியே எறிந்தாள்.

“எனக்குத் தெரியும்டி.”

“எப்படிம்மா?”

“சூப்பர்வைசரம்மா அப்பவே காதுல போட்டுட்டாங்க. நீ இப்பதான் வேலைல சேர்ந்திருக்க. தெரிஞ்சா மேனேஜர்கிட்டப் போய்ச் சண்டை போட்டு, உன் வேலையும் போயிடும்னு நான்தான் வாயைத் தொறக்கல. பஸ்ஸுல தூங்குறாப்பல கண்ணை மூடிக்குவேன். முழிச்சிருந்தா உன் மூஞ்சியப் பார்த்து அழுதுடுவேன்னு.”

அவள் முறத்தை நகர்த்திவிட்டு என் தலையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பசை வாசமும் தேயிலை வாசமும் கலந்த அந்தப் புடவை இன்னும் என் மூக்கில் இருக்கிறது.

அதற்குப் பிறகு எனக்கு அரை நாள் டைப், அரை நாள் டேஸ்டிங் அறை என்று ஆனது. மேனேஜர் தயங்கினார். பெண்பிள்ளை துப்புவது ஆபீஸுக்கு அழகா என்று கேட்டாராம். “அப்போ முழுங்கட்டும், இன்னும் நல்லா ருசி தெரியும்” என்று பெள்ளியப்பா சொல்லிவிட்டார். அம்மாவோ, “டீயைக் குடிச்சுத் துப்பறதுக்கு ஒரு உத்யோகமா!” என்று தும்மல் வரும் வரை சிரித்துவிட்டு, மறுநாளே ஹால் முழுக்கச் சொல்லிவிட்டாள்.

விளைவு, அந்த வாரமே மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் டேஸ்டிங் அறை வாசலில் ஹால் பெண்கள் கூட்டம். ஒருவர் தோள்மேல் ஒருவர் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அதில் முன்னால் நின்றவள் ராஜம்மா, அம்மாவின் பக்கத்து இருக்கைக்காரி. பதினாலு வருஷமாகப் பொட்டலம் ஒட்டியவள்.

பெள்ளியப்பா சத்தம் கேட்டுத் திரும்பினார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அத்தனை பேர் தலையிலும் மல்லிகை.

“இவங்கெல்லாம் இந்த டீயைக் குடிச்சிருக்காங்களா?” என்று என்னைக் கேட்டார்.

“ஒட்டியிருக்காங்க சார். குடிச்சதில்ல.”

அவர் ஜன்னல்களை விரியத் திறந்துவிட்டார். “காதர், அந்தத் தூக்குத் தண்ணியிலயே கெட்டிலை வை. எல்லா கப்பையும் எடு.”

உள்ளே வந்தார்கள். கிண்ணங்கள் போதாமல் கப்புகளின் மூடிகளில்கூட ஊற்றினோம். முதலில் எல்லாரும் கோயில் தீர்த்தம் வாங்குகிற மாதிரி மெதுவாகக் குடித்தார்கள். பிறகு பேச்சு கிளம்பியது. நல்லா இருக்கு, சூடா இருக்கு, வெல்லம் இருந்தா இன்னும் நல்லாருக்கும் என்று ஆளுக்கொன்று.

ராஜம்மா மட்டும் இரண்டாவது வாய் குடித்தாள். கிண்ணத்தைக் கீழே வைத்து, பெள்ளியப்பாவின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

“தப்பா நெனைக்காதீங்க சார். பொடி ஒரு சிட்டிகை தூக்கலா இருக்கு.”

அம்மா அவள் புடவையைப் பிடித்து இழுத்தாள்.

பெள்ளியப்பா தன் கரண்டியால் அதே கிண்ணத்திலிருந்து எடுத்து உறிஞ்சினார். வாயில் உருட்டினார். கொஞ்சம் யோசித்தார். பிறகு காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, ஸ்டூலை அவள் பக்கம் நகர்த்தி, “உட்காருங்கம்மா. சொல்லுங்க” என்றார்.